தவக்காலத்துக் கடுங்காப்பி

அண்ணன் ஓடப் போகும் முன் ஒரு டம்ளர் கடுங்காப்பி குடிப்பான். சர்க்கரை கிடையாது. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்துவிடும். பாடுவான், என்னைச் சீண்டுவான், மைதானத்தில் கால் தானாகப் போகும். குடிக்காத நாளில் அதே ஆள் சிடுமூஞ்சி. நெல்லித்தோப்பில் எங்கள் தெரு நாய்க்குக்கூட அந்த வித்தியாசம் தெரியும்.

அந்த வருடம் போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலத்தில் வந்து விழுந்தது. வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மற்ற வீடுகளில் கறியை விடுவார்கள். அம்மா அவன் வேலைக்காகக் காப்பியையே நிறுத்தினாள்.

"புடிச்சதத்தான் ஆண்டவருக்கு வுட்டுக் குடுக்கணும். ஈஸ்டர் வரைக்கும் இந்த வூட்ல யாரும் காப்பி தொடக்கூடாது."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்ததும் அவனுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. எல்லோர் மேலும் எரிந்து விழுந்தான். மைதானத்தில் கால் நகரவே இல்லை. பிறகு மெல்ல உடம்பு பழகி, ஓட்டமும் பழைய வேகத்துக்கு வந்தது. அப்படியே விட்டிருந்தால் தேறியிருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம், குருத்தோலை ஞாயிறன்று பிரான்சிலிருந்து பெரியம்மா வந்தார். அவருக்கு மட்டும் காப்பி போட்ட அம்மா, சர்க்கரை போதுமா என்று பழக்க தோஷத்தில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டாள். உடனே நெற்றியில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து ஓட்டம். மைதானத்து வாசலில் அண்ணன் ஷூ மாட்டும்போது, அவனோடு பயிற்சி எடுத்த குப்பத்து நண்பன் பிளாஸ்கைத் திறந்தான். "ஒரு டம்ளர் வுடு மச்சான். இன்னிக்கு இல்லாம பின்ன என்னிக்கு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "அம்மாகிட்ட சொல்லாத பாப்பா" என்று சொல்லி மடமடவென்று குடித்தான். வாரக்கணக்கில் காப்பி படாத உடம்பு. மைதானத்துக்குள் போகும்போதே விரல்கள் நடுங்கின, ஆனால் சிரித்துக்கொண்டே போனான்.

எண்ணூறு மீட்டர். விசில் ஊதியதும் நூறு மீட்டர் ஓடுகிறவனைப் போலப் பாய்ந்தான். முதல் சுற்றில் எல்லோரும் அவனுக்குப் பின்னால்தான். வேலிக்கு வெளியே நின்று நானும் கைதட்டினேன். இரண்டாம் சுற்றின் நடுவில் கால் பின்னியது. ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். குறித்த நேரத்துக்குள் அவன் வந்து சேரவில்லை.

"களைப்பே தெரியல பாப்பா" என்றான் வெளியே வந்து. "தெரிஞ்சப்ப ஒடம்புல ஒண்ணுமே மிச்சமில்ல."

ஈஸ்டர் காலையில் அம்மா காப்பி போட்டு எங்களுக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.

"எம்மேலதான் தப்பு" என்றாள். "ஒங்க பெரியம்மாவுக்குப் போட்டப்ப நாக்குல வச்சிட்டேன். அதான் ஆண்டவர் குடுக்கல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். இனிமே சாவறவரைக்கும் தொடமாட்டேன்."

அண்ணன் தலை குனிந்திருந்தான். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று காத்திருந்தேன். டம்ளரை எடுத்துக் குடித்தான். நான் சொன்னால் அது கோள். அவன் வாயிலிருந்து வரவேண்டிய சொல் அது.

இப்போது அவன் ஒரு துணிக்கடை வாசலில் காவலாளி. தினமும் காலையில் அம்மாதான் அவனுக்குக் கடுங்காப்பி போட்டுத் தருகிறாள். சர்க்கரை போடாத காப்பி என்பதால் ருசி பார்க்க வேண்டியதில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி.