சாப்பாட்டு நேரத்தில் படுத்த காற்று

எழுபதுகளில், எண்ணூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் காற்றுச் சோதனைக்காகப் பலகையால் இருபுறமும் திறந்த நீளக் கூண்டு செய்து, ஒரு முனையில் ராட்சத ஃபேன் வைத்திருந்தோம். நடுவே புகைபோக்கியின் சின்ன மாதிரி நிற்கும். காற்று அதை எவ்வளவு அசைக்கிறதென்று கருவியே தாளில் கோடு போட்டுக்கொள்ளும், ஆள் வேண்டாம். என்ன எழவோ, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கோடு படுத்துவிடும். தினமும் மேனேஜரிடம் டோஸ் எனக்குத்தான். மோட்டாரைக் கழற்றி மாட்டியும் பயனில்லை.

ஒருநாள் சாப்பிடப் போகாமல் ஃபிட்டரோடு கூண்டின் மறுமுனைக்குப் போனேன்.

"காத்து இன்னா பண்ணும் சார்? மேனேஜரு வழிய அடைச்சிகினு தூங்கிகினு கீறாரு!" என்றார் ஃபிட்டர்.

சட்டையைக் கழற்றிவிட்டு, கூண்டுக்குள் பாதி உடம்போடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார் மேனேஜர். எழுப்பினோம். மனுஷர் அசடுகூட வழியவில்லை.

"இனிமே மத்தியானத்துல டெஸ்ட்டை நிறுத்திடுங்க. ஃபேன் மட்டும் ஓடட்டும்."