மின் கட்டண விசாரணையில் ஒரு பகை

பிரேம்குமாரைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்றுதான் காத்தவராயன் மின்சாரச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தான்.

மேட்டுப்பாளையத்தில் பிரேம்குமாரின் இரும்பு உருக்காலையில் பதினோரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். 2007இல், கெப்பாசிட்டர்கள் செத்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று லாக் புத்தகத்தில் எழுதினான். முதலாளி அந்தப் பக்கத்தைக் கிழித்தார். ஷிப்டு மாறும் நேரம், கேட்டில் எல்லோர் முன்னாலும், "குடிச்சிட்டு வந்து கிறுக்குறான்" என்று வெளியே தள்ளினார்.

கெப்பாசிட்டர் செத்தால் ஆலை தேவைக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். கம்பியில் அது சூடாகி வீணாகும். அந்த வீணுக்கும் எங்கோ நிலக்கரி எரிந்து வானம் புகையும். அவனுக்கு இது தெரியும். ஆனால் வானத்தின் மேல் அவனுக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை.

கட்டணத்தை உயர்த்துமுன் மின்சார ஆணையம் மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்ற பிரிவில் சிவப்புக் கோடு போட்டுக் காத்திருந்தான். 2009 கடைசியில் அந்த நாள் வந்தது. விசாரணை மண்டபத்தின் முன்வரிசையில் பிரேம்குமார்.

"சின்னப்பாப்பா!" என்று அழைத்தார்கள்.

அது அவன் மனைவி. வீட்டு மீட்டர் அவள் பேரில். பில்லைப் பார்த்து மனுவிலும் அவள் பேரையே எழுதியிருந்தான்.

"நீ போடி. இந்தத் தாளைப் படி."

"தாள் எதுக்கு? ரெண்டு வருசமா தூக்கத்துல இத்தத்தான ஒளர்ற."

மைக்கைப் பிடித்து, பிரேம்குமாரைக் கைகாட்டினாள். "ஐயா, இவரு ஆலையில கெப்பாசிட்டர் செத்துக் கெடக்குது. அங்க வீணாப் போற கரண்டுக்கு நாங்க இன்னாத்துக்கு ஏத்திக் கட்டணும்? இத்த எழுதுன எங்க ஊட்டுக்காரரக் குடிகாரன்னு தள்ளிட்டாரு. அவரு காபிகூட குடிக்க மாட்டாரு."

மண்டபம் சிரித்தது.

"சொந்தப் பகை சார்," என்றார் பிரேம்குமார்.

"பகையாவே இருக்கட்டும்," என்றார் ஆணையத் தலைவர். "கெப்பாசிட்டர் வேலை செய்யுதா?"

தலைவர் சோதனைக்கு உத்தரவிட்டார்.

சோதனை நடந்தது, அபராதம் விழுந்தது, புதிய கெப்பாசிட்டர்கள் வந்து இறங்கின. சட்டம் யார் நெஞ்சையும் திறந்து பார்ப்பதில்லை; மீட்டரைத்தான் பார்க்கிறது. கொஞ்சம் நிலக்கரி மிஞ்சியது. இதற்காகக் காத்தவராயனைப் புகழ வேண்டியதில்லை.

அவற்றைப் பொருத்த அவனை விட்டால் ஆளில்லை என்று ஆலை மேனேஜர் தேவதாஸ் வீட்டுக்கே வந்தார்.

"ஷிப்டு மாறுற நேரம், அதே கேட்டுல, மொதலாளியே கூப்புடட்டும்," என்றான் காத்தவராயன்.

நான்காம் நாள் பிரேம்குமார் கேட்டில் நின்றார். "காத்தவராயா, உள்ள வாப்பா."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு, "முடியாது," என்றான்.