டேலி அக்காவின் கைக்கடிகாரம்

சோதனை தொடங்கும்போது அக்கா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். பழைய கணினி நிரலும் அதற்குப் பதிலாகப் புதிதாக எழுதிய நிரலும் ஒரே விடையைத் தரும்வரை அதை நிமிர்த்தமாட்டார். "முதல்ல ரெண்டும் ஒண்ணையே சொல்லுதான்னு பாப்போம். எது வேகம்னு அப்புறம் பேசலாம்." இரண்டும் 'டேலி' ஆகிறதா, ஒத்துப்போகிறதா என்றே பார்ப்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டேலி அக்கா.

காணாமல்போனவர்களின் பட்டியலையும், காப்பகங்களில் பெயர் சொல்லத் தெரியாமல் இருப்பவர்களின் பட்டியலையும் பொருத்திப் பார்ப்பதே அந்த நிரலின் வேலை. இரண்டு நிரல்களின் விடைகளையும் கணினி ஒப்பிட்டு முடித்த பிறகும், அக்கா பத்து வரிகளையாவது விரல் வைத்துப் படிப்பார். தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். சூடாக இருந்தால் கவனம் அதன்மேல் போய்விடுமாம்.

காணாமல்போனவர்களின் பட்டியலில் அவருடைய தம்பியும் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறார். அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒவ்வொரு சோதனை முடிந்ததும் அந்த வரியை ஒருமுறை திறந்து மூடுவார், அவ்வளவுதான்.

சென்ற வாரம் புது நிரல் நாற்பது நிமிட வேலையை நான்கு நிமிடத்தில் முடித்தது. பழையது காட்டாத முப்பத்தேழு பேருக்குப் பொருத்தமும் கண்டுபிடித்தது. அவர்களில் தம்பியும் ஒருவர். வயது சரி, உயரம் சரி. அடையாளக் குறி என்ற கட்டம் இரண்டு பட்டியலிலும் காலி; அதையும் பொருத்தம் என்றே புது நிரல் எடுத்துக்கொண்டது.

நிரலை எழுதியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க தம்பி, அக்கா. அப்படியே விட்டுடலாமே."

அக்கா திரையில் அந்தக் காலிக் கட்டங்களின் மேல் விரல் வைத்தார். "அவனுக்கு மச்சமும் கிடையாது, தழும்பும் கிடையாது. அதனால நான் எழுதல. காப்பகத்துல இருக்கிற இவரை அங்க யாரும் சரியா பாக்கவே இல்ல, அதனால எழுதல. ரெண்டு காலிக் கட்டமும் எப்படிப்பா ஒண்ணாகும்? மத்த முப்பத்தாறு வீட்டுக்கும் போன் போட்டு ஆசை காட்டுவியா?"

ஒரு மனிதரை நிற்கவைத்துப் பார்த்து ஒரு வரி எழுத நேரமில்லாதவர்கள்தான் நிரல் மெதுவாக ஓடுகிறது என்று மேலிடத்திலிருந்து கடிதம்மேல் கடிதம் அனுப்புகிறார்கள்.

'விடைகள் பொருந்தவில்லை' என்று எழுதி நிரலைத் திருப்பியனுப்பினார் அக்கா. பிறகு தம்பியின் வரியைத் திறந்தார். இந்த முறை உடனே மூடவில்லை. பொருத்தம் காட்டிய காப்பகத்தின் தொலைபேசி எண்ணை மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு, அதன்மேல் கடிகாரத்தைக் கட்டினார்.