கங்காணியின் உயிர்

மலாயாவின் சுங்கைப் பட்டாணியில் ரயில்வே கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த யாழ்ப்பாணத்தவரின் மகன் சிவகுரு பிரிட்டிஷ் விமானப்படையில் விமானி. 1945 தொடக்கத்தில், மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தினார்கள். பாராசூட்டில் குதித்தவர் பாடாங் செராய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் விழுந்தார். பால்மரம் வெட்டும் ராமையா அவரைத் தோட்டத்தோரக் காட்டில் ஒளித்துவைத்து, தினமும் மரவள்ளிக்கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தார்.

தோட்டத்துக் கூலிகளை மேற்பார்க்கும் கங்காணி ஜப்பானியரிடம் காட்டிக்கொடுத்தான். சிப்பாய்கள் ராமையாவைக் காட்டோரத்துக்கு இழுத்துவந்து, துப்பாக்கிக் கட்டையால் பல்லையும் விலாவையும் நொறுக்கினார்கள். புதருக்குள் கிடந்த சிவகுருவுக்கு ஒவ்வொரு அடியும் கேட்டது. எழ நினைத்தார், எழவில்லை. ராமையா வாய் திறக்கவேயில்லை. ஒரே வாள்வெட்டில் அவர் தலை உருண்டது.

ஜப்பான் சரணடைந்ததும் தோட்டத்து ஆட்கள் கங்காணியை லயத்து வீடுகளின் வாசலில் போட்டு வெட்டத் தொடங்கினார்கள். அதுவரை காட்டிலேயே ஒளிந்து தப்பியிருந்த சிவகுரு பாய்ந்து குறுக்கே நின்றார்.

"வெட்டாதேங்கோ! இவனைக் கோட்டில விசாரிக்க வேணும்."

ராமையாவின் மனைவி அம்சவள்ளி கேட்டாள்: "எம் புருசன யாருங்கய்யா விசாரிச்சா?"

சிவகுரு தலைகுனிந்தார், ஆனால் விலகவில்லை.

கங்காணி பிழைத்துச் சிறைக்குப் போனான். சிவகுரு சட்டம் படித்து நீதிபதியானார். ராமையாவின் திதிக்கு வருடம் தவறாமல் வருவார். அம்சவள்ளி இலை போட்டுப் பரிமாறுவாள். கடைசிவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.