நிறுத்துவதற்கு ஒரு சொல்

மகள் பிறந்து ஆறாவது வாரம், வழக்கமான பரிசோதனைக்குப் போனபோதுதான் அது தெரிந்தது. டாக்டர் கையுறையை மாட்டியதும் என் தொடைகள் தாமாகவே மூடிக்கொண்டன. தளர்த்தச் சொன்னார். நானும் தளர்த்தத்தான் முயன்றேன்.

வஜைனிஸ்மஸ் (யோனியைச் சுற்றியுள்ள தசைகள் நம் விருப்பமின்றி இறுகிக்கொள்வது) என்றார். தையல் ஆறிவிட்டது, காரணம் வேறாக இருக்கலாம். முன்பு யாராவது பலவந்தம் செய்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். போர்க்காலத்தில், நாட்டை விட்டு வருமுன், ஒரு சோதனைச் சாவடியில் என் கைகளைப் பின்னால் கட்டி ஒரு பகல் முழுவதும் இருத்தி வைத்தார்கள். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்வதா, அது சேருமா என்று எனக்குத் தெரியவில்லை.

கணவர் குகன் முன்னறை சோபாவில் படுக்கத் தொடங்கினார். என்னை நோகடித்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு. இப்படியே எங்கள் தாம்பத்தியம் முடிந்துவிடுமோ என்ற பயம் எனக்கு.

மருத்துவமனையில் வாரம் ஒருமுறை நான்கு பெண்கள் ஒரு நர்ஸுடன் கூடினோம். மூச்சுப் பயிற்சி, பிறகு டைலேட்டர் (சிறிதிலிருந்து பெரிதாகப் பழக்கும் வழுவழுப்பான குழாய்கள்). மூன்று மாதத்தில் உடல் டைலேட்டரை ஏற்றது. குகன் தொட்டால் மட்டும் இறுகியது.

அங்கே மார்சியா வந்தாள். ஜமைக்கப் பெற்றோருக்கு இந்த ஊரிலேயே, லூயிஷாமில் பிறந்தவள். கருப்பைக் கட்டியை அகற்றிய பின் அவளுக்கு ஓயாத வலி. ஒருநாள் காத்திருப்பறையில், தன் கணவன் பட்டுத் துணியால் தன் கைகளைக் கட்டுவான், அது தனக்கு இன்பம் என்று, பஸ் தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னாள். என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"என்ன பார்க்கிறாய்? என் முப்பாட்டிகளைச் சங்கிலியால் கட்டினார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. இவன் என்னைக் கேட்கிறான். நான் ஒரு சொல் சொன்னால் முடிச்சு அவிழும்."

அது அவர்களை அவமதிப்பதாகாதா என்று தயங்கிக் கேட்டேன்.

"நானும் வருஷக்கணக்காக அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பு உடம்பு உழைக்கவும் அழவும் மட்டும்தானா? அவர்களுக்குக் கிடைக்காத சுகத்தை அவர்கள் பெயரைச் சொல்லி நானும் ஏன் மறுக்க வேண்டும்? சரி, உங்கள் வீட்டில் நிறுத்துவதற்கு என்ன சொல்?"

"வேண்டாம்" என்பதுதான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எங்கள் வீடுகளில் வந்தவர் தேத்தண்ணீர் வேண்டாம் என்றால், தேத்தண்ணீர் வரும். மரியாதைக்குச் சொல்லும் அந்த மெல்லிய குரலில்தான் குகனிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், சாவடி உட்பட.

"நீர் வேண்டாம் எண்டா, வெக்கப்படுறீர் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் குகன்.

மார்சியா சொன்னதைச் சொல்லி, நாங்களும் அப்படிச் செய்து பார்ப்போமா என்று கேட்டபோது எழுந்துவிட்டார்.

"எனக்கு ஏலாது. உம்மட கையை நான் கட்டுறதோ?"

"நான்தானே கேக்கிறன்."

கேட்டது சரியா என்று பல நாள் குழம்பினேன். கடைசியில் நர்ஸிடமே கேட்டேன். இருவரும் விரும்பி, எந்த நொடியிலும் நிறுத்த முடிந்தால் பயமில்லை என்றார். கட்டுக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், கட்டியவர் அறையை விட்டுப் போகக்கூடாது. அதைக் கேட்டபின் குகன் சம்மதித்து, நிறுத்தும் சொல்லாக "கவுன்சில்" (வரி கேட்டுக் கடிதம் அனுப்பும் உள்ளூராட்சி மன்றம்) என்பதைத் தேர்ந்தார். அதைக் கேட்டால் எந்த ஆசையும் நின்றுவிடுமாம்.

முதல்முறை, பருத்திச் சால்வை மணிக்கட்டில் பட்டதுமே அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் கைகள் உடனே விலகின. அடுத்தமுறை, நிற்பாரா என்று பார்ப்பதற்காகவே சொன்னேன். நின்றார்.

சில வாரங்களின் பின், ஒரு ஞாயிறு மதியம், சொல்லவில்லை. சொல் நாக்கில் இருந்தது. கைகள் கட்டுண்டிருந்தன. உடல் இறுகவில்லை. வலி இல்லை என்பதோடு முடியவுமில்லை. இன்பம் என்று எழுத இப்போதும் கூசுகிறது, ஆனாலும் அதுதான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் மருந்து என்று சொல்லமாட்டேன். எனக்கே சில நாள்களில் உடல் பழையபடி மூடிக்கொள்ளும். அப்போது சொல்லைச் சொல்கிறேன். சாவடியில் அந்தப் பகல் எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை. என் உடல் அதை முடியாத பகலாகவே வைத்திருந்தது போலும்.

அந்த ஞாயிறு, மகளுக்குப் பால் கரைக்கப் போனபோது மணிக்கட்டில் சால்வையின் மெல்லிய வரி தெரிந்தது. கேத்திலில் தண்ணீர் கொதிக்குமுன் மறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சநேரம் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.