எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக் கோடு

என்னைப் பெண் பார்க்க வரப்போவதாகச் சேதி வந்த அதே வாரத்தில்தான் எங்கள் வீட்டு முன்சுவரில் கோடு போட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அப்பா சொன்னார். அம்மா அதை ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு செல்லிப்பட்டில், ஆற்றை ஒட்டிய தெருவின் முனையில் இருக்கிறது. அப்போது மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த மழையில் மேலே வீடூர் அணையைத் திறந்ததும் சங்கராபரணி கரை தாண்டி எங்கள் தெருவுக்குள் வந்துவிட்டது. முக்கியமான சாமான்களை மாடியில் ஏற்றிவிட்டு, மற்றதை அப்படியே விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். திரும்பி வந்து பார்த்தபோதுதான் எது முக்கியம் என்று நாங்கள் பிரித்ததே தப்பு என்று தெரிந்தது. பழைய கட்டில்கள் இரண்டையும் காப்பாற்றியிருந்தோம். என் டிகிரி சர்டிபிகேட் பீரோவின் கீழ்த்தட்டில் ஊறிக் கிடந்தது.

கோடு போட வந்தவர் ஜூனியர் இன்ஜினியர், ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கூடவே இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் உயரமான அளவுகோல், இன்னொருவர் கையில் பெயிண்ட் டப்பா. மூன்று கால் வைத்த மட்டம் பார்க்கும் கருவியைத் தெருவில் நிறுத்தியதும் அப்பா வெளியே வந்தார்.

“நிவாரணமா மேடம்?”

“இல்ல சார். அது வேற டிபார்ட்மென்ட்.”

“அப்ப இது இன்னா?”

இன்ஜினியர் பொறுமையாகச் சொன்னார். வெள்ள சேதத்தைக் குறைப்பதற்கென்று மத்திய அரசு நிதி கொடுக்கிறது. அதில் கரையைப் பலப்படுத்தலாம், பாலத்தில் தண்ணீர் அளவு காட்டும் கருவி வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு உயரம் வந்தது என்று வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த உயரத்தை ஊரில் சில சுவர்களில் கோடாகப் போட்டும் வைக்க வேண்டும். அடுத்த முறை ஜனங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் வீடு கட்டக் கூடாது என்பதும் தெரியும்.

“வூடு கட்டியாச்சே மேடம்” என்றார் அப்பா.

“தெரியுது சார்.”

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெள்ளம் வந்ததிலிருந்து அவரிடம் யாரும் இத்தனை விவரமாக எதையும் கேட்டதில்லை. ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று தன் நெஞ்சில் கையை வைத்து, “இங்க. இதுக்கு ஒரு இஞ்ச் கொறையாது” என்றார். சுவரில் படிந்திருந்த சேற்றுக் கறையும் அதையே சொன்னது.

பக்கத்து வீடு அப்பாவின் பங்காளியான பெரியப்பாவுடையது. வீட்டுக்குப் பின்னால் இருந்த கரும்புக் கொல்லையை அந்த வருஷம்தான் மனை பிரித்து, மஞ்சள் கல் நட்டு, விற்கத் தொடங்கியிருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“தண்ணியா? எங்க வந்துது? முட்டி வரைக்கும் கூட வரல மேடம்.”

இன்ஜினியர் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தார். அங்கேயும் சேற்றுக் கறை பெரியப்பாவின் தோள் உயரத்துக்கு இருந்தது. பெரியப்பாவும் திரும்பிப் பார்த்தார்.

“அது பழைய கறை” என்றார்.

“பக்கத்து பக்கத்து வூட்ல தண்ணி வேற வேற உயரத்துல நிக்காது சார்” என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் கருவிக்குள் கண்ணை வைத்தார். அப்பா சொன்ன இடத்திலேயே மட்டம் நின்றது. எங்கள் வீடு முனையில், ரோட்டைப் பார்த்து இருந்ததால் கோடு எங்களுக்குத்தான் என்று முடிவானது. நீலப் பட்டை, அதன் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் வருஷம். பெயிண்ட் நல்ல பெயிண்ட். மதகடிப்பட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தே படிக்கலாம்.

சாயங்காலம் அம்மா ரேஷன் கடையிலிருந்து திரும்பி வந்து அதைப் பார்த்தார்.

“ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வராங்க. இது முழுகுற வூடுன்னு போர்டு எழுதி வெச்சிருக்கிற.”

“கவர்மென்ட் எழுதுனது” என்றார் அப்பா.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் அதே பேச்சுதான். சுண்ணாம்பு அடித்து அழித்துவிடலாம் என்றார் அம்மா. அரசாங்கக் கோட்டை அழித்தால் கேஸ் போடுவார்கள் என்றார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வந்த தண்ணீரை வரவில்லை என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும் என்று கேட்டிருப்பேன். கல்யாணம் முடிந்து தலைதீபாவளிக்கு வரும்போதே மழைக்காலம் ஆரம்பித்துவிடும்.

கடைசியில் பெரியப்பாதான் உதவிக்கு வந்தார். தன் மனைகளுக்காக அடித்த ஃபிளெக்ஸில் ஒன்றைக் கொண்டுவந்து கோட்டை மறைத்து ஆணி அடித்தார். ‘உடனே வீடு கட்ட ஏற்ற மனைகள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பின்னணியில் நாங்கள் யாரும் பார்த்திராத ஒரு மலையும் ஒரு ஏரியும் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பாகூர் பக்கத்திலிருந்து ஐந்து பேர் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன், அத்தை, அத்தையின் கணவர். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அதனால் தாய்மாமன்தான் எல்லாவற்றையும் பேசினார். உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் நின்றுவிட்டார்.

“மனை எங்க இருக்குது?”

“பின்னாடிதாங்க. உள்ள வாங்க, டிபன் ஆறிடும்” என்றார் அப்பா.

“ரோட்டு மேலயா? போன் நம்பர் எங்க?”

ஃபிளெக்ஸின் கீழ் ஓரம் மடங்கியிருந்தது. நம்பர் அந்த மடிப்புக்குள் இருந்தது. அவர் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஈரத்தில் ஊறிய சுவர் ஆணியைப் பிடித்து வைக்கவில்லை. மலையும் ஏரியும் சேர்ந்து கீழே விழுந்தன.

தாய்மாமன் குட்டையானவர். கோடு அவர் கழுத்துக்கு வந்தது. அவர் கோட்டைப் பார்த்தார், வருஷத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அப்பா ஃபிளெக்ஸைச் சுருட்ட ஆரம்பித்தார். எல்லாவற்றையும் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். அதே நேரத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் போயின. நான் காபி கொண்டுபோனபோது மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை எடுத்துக்கொண்டு எங்கள் அம்மாவிடம் கேட்டார்.

“தண்ணி எத்தினி நாளு நின்னுது?”

“எந்தத் தண்ணி?” என்றார் அம்மா.

நான் தட்டைப் பிடித்தபடி, “ரெண்டு நாளு நின்னுதுங்க. அப்புறம் சேறு எடுக்க ஒரு வாரம் ஆச்சு” என்றேன்.

அம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எங்க வூட்ல மூணு நாளு. பெண்ணையாத்துத் தண்ணி. ஃபேன் வரைக்கும் வந்துடுச்சி.”

“அக்கா” என்றார் தாய்மாமன்.

“இன்னாடா அக்கா? எங்களுக்கும்தான் முழுகிச்சி. கோடு போட ஆள் வரல, நாமளும் வாயத் தொறக்கல. அவ்ளோதான் வித்தியாசம்.”

அதற்குப் பிறகு சம்பந்தம் பேசுவது நின்றுபோய் வெள்ளம் பேசுவது தொடங்கியது. பீரோவின் அடித்தகடு துருப்பிடித்தால் என்ன செய்வது, நனைந்த மெத்தையை யாராவது எடுத்துக்கொள்கிறார்களா, ஃப்ரிட்ஜ் மறுபடி ஓடுமா என்று இரண்டு அம்மாக்களும் மதியம் வரை பேசினார்கள். எங்கள் அம்மா தண்ணீரே வரவில்லை என்று தொடங்கியவர், கடைசியில் பாம்பு வந்ததைக் கூடச் சொல்லிவிட்டார்.

எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அவர் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். மாடியிலிருந்து ஆற்றை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“மாடி இருக்குது, பரவால்ல” என்றார்.

“உங்க வூட்ல இல்லையா?”

“இல்ல. கட்டணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “கட்டிடுவேன்” என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. கீழே வந்து சரி என்று சொல்லிவிட்டேன். தாய்மாமனுக்கு மட்டும் மனசு இல்லை. “இங்கயும் தண்ணி, அங்கயும் தண்ணி. இந்தப் பொண்ணு எங்கதான் போவும்?” என்றார். நியாயமான கேள்விதான். வைகாசி மாதத்தில் கல்யாணம் நடந்தது.

அதற்குள் இன்ஜினியரின் வரைபடம் எங்கெங்கோ போய் வந்துவிட்டது. பெரியப்பாவின் கொல்லை வெள்ளம் பரவும் இடத்துக்குள் இருப்பதாகச் சொல்லி மனைக்கு அனுமதி மறுத்துவிட்டார்கள். அவர் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினார். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், பேசாமல் போனார். பிறகு மஞ்சள் கற்களுக்கு நடுவிலேயே மறுபடி கரும்பு போட்டார். அந்த வருஷம் நன்றாக விளைந்ததாக அம்மா போனில் சொன்னார். ஆற்றங்கரையில் கல் பதித்தார்கள். பாதி தூரம் பதித்ததும் இந்தத் தவணை நிதி முடிந்துவிட்டதாம். எங்கள் தெரு முதல் பாதியில் இருந்தது.

அடுத்த வருஷம் அதே வேலை பாகூர் பக்கம் வந்தது. வேறு இன்ஜினியர், அதே மாதிரிக் கருவி. தாய்மாமன் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தார். அத்தை, அதாவது என் மாமியார், அந்த இன்ஜினியரைக் கையைப் பிடிக்காத குறையாக வீட்டுக்கு அழைத்து வந்தார். ஃபேனைக் காட்டினார்.

இன்ஜினியர் அளந்து பார்த்துவிட்டு, “ஃபேன் வரைக்கும் வரலம்மா. ஜன்னலுக்கு மேல ரெண்டு சாண், அவ்ளோதான்” என்றார்.

“வந்தப்ப நீ இருந்தியா தம்பி?”

“மட்டம் சொல்லுதும்மா.”

“மட்டமா வந்து சேறு அள்ளுச்சி?”

ரொம்ப நேரம் வாக்குவாதம் நடந்தது. மட்டம் காட்டிய இடத்தில்தான் கோடு போட்டார்கள். அன்று ராத்திரி அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை நாளாக ஊரெல்லாம் ஃபேன் கணக்குச் சொல்லியாகிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் போனுக்கு அரசாங்கத் தகவல் வந்தது. ஆற்றில் தண்ணீர் கூடுகிறது, போன வெள்ளத்தின் கோட்டுக்கு மூன்று அடி கீழே வரை வரலாம் என்று. தெருவில் ஒவ்வொருவரும் வெளியே வந்து அத்தை வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அந்த உயரத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம் அவரும் அத்தையும் நானும் மேலே ஏற்றினோம். மாடி அப்போது பாதிதான் கட்டியிருந்தது, கைப்பிடிச் சுவர் இல்லை. நனைந்ததற்குப் பதிலாக வாங்கியிருந்த என் புது சர்டிபிகேட்டை முதலில் ஏற்றினேன்.

தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்தது. விடியும்போது இறங்கிவிட்டது. அவர் படியில் ஒட்டியிருந்த சேற்றை விளக்குமாறால் தள்ளிக்கொண்டிருந்தார். அத்தை வெளியே வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

“அரிசி மூட்டைய எறக்குங்க. ஒல வெக்கணும்” என்றார்.