கிணற்றுப் பங்கும் கன்னடப் பத்திரமும்

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம். வீட்டில் கன்னடம் பேசுவோம்; சந்தையிலும் பஸ்ஸிலும் தமிழ். நான் ஐந்தாவது வரை படித்ததும் தமிழில்தான். எந்த இடத்தில் எந்தப் பேச்சு என்று யோசித்ததே இல்லை. கரண்ட் மோட்டாருக்கு எழுதிப் போட்டபோதுதான் யோசிக்க வேண்டி வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. மழை சரியில்லை. கிணற்றில் கவலை இழுத்து, தண்ணீர் இறைத்து இறைத்து மாடுகள் ஓய்ந்துவிட்டன. மோட்டார் வைத்தால்தான் தக்காளியும் கேழ்வரகும் பிழைக்கும். கிணறோ பங்காளிகளோடு பொதுவானது. அதில் எங்களுக்குப் பாதி உண்டு என்று காட்டினால்தான் கரண்ட். காட்டுவதற்கு எங்களிடம் இருந்தது மாமனாரின் அப்பா காலத்துப் பாகப் பத்திரம். முழுக்கக் கன்னடம்.

வீட்டுக்காரர், அவருடைய அம்மாவான என் அத்தை, நான், மூன்று பேரும் கரண்ட் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா பத்திரத்தைப் பிரித்ததும் முகம் மலர்ந்து, சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டிலும் கன்னடம்தானாம். சூரிய சந்திரர் உள்ளவரை என்ற இடம் வந்ததும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார். குமாஸ்தா முழுவதும் வாசித்துவிட்டு, பழையபடி மடித்து எங்களிடமே நீட்டினார்.

"பங்கு தெளிவா இருக்குதுங்க. ஆனா இத நான் வாங்க முடியாது. தமிழ்ல பெயர்த்து, சீல் வெச்சுக் கொண்டாங்க."

"நீங்கதான் படிச்சுட்டீங்களேங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"நான் படிச்சேனுங்க. ஆபீஸ் படிக்கலீங்களே."

எனக்கு அது பெரிய ஆச்சரியம். அவரைத் தவிர ஆபீஸ் என்று அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

தருமபுரியில் மொழிபெயர்ப்பவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். வீட்டுக்காரர் பேரம் பேசினார்.

"மொதப் பக்கம் பூரா சாமி பேருங்க. கடைசியில சாபம். ரெண்டையும் வுட்டுட்டு, கிணத்த மட்டும் எழுதிக் குடுங்க."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமிய வுட்டா கிணத்துல தண்ணி நிக்குமாடா?"

மொழிபெயர்ப்பவர் சிரித்தார். "ஒரு வரி வுட்டாலும் நான் சீல் வெக்க முடியாதுங்க ஆத்தா."

சாமிக்கும் சாபத்துக்கும் சேர்த்து ஒரு கிடாயை விற்றோம்.

தமிழ்ப் பத்திரம் வந்ததும் அத்தை என்னை வாசிக்கச் சொன்னார். சந்தைத் தமிழ் அவருக்கு அத்துப்படி; பத்திரத் தமிழ் ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கே பாதிதான் புரிந்தது. புரிந்ததைத் திரும்பக் கன்னடத்தில் சொன்னேன்.

"இதுக்கு நீ எவ்ளோ வாங்குவ?" என்றார் அத்தை.

மறுபடியும் ஆபீஸ். குமாஸ்தா தமிழை வாசித்துக்கொண்டே போனவர், எல்லை சொல்லும் இடத்தில் நின்றுவிட்டார். கிழக்கா மேற்கா என்று இரண்டு தடவை படித்தார்.

"அந்தக் கன்னடத்தக் கொஞ்சம் குடுங்க."

அதைப் பார்த்துத் தெளிந்துகொண்டு, தமிழ்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

நான் கேட்கக் கூசியதை அத்தை கேட்டேவிட்டார். "அப்ப இந்தத் தமிழு எதுக்கு சாமி?"

"எனக்கில்லீங்க ஆத்தா. நாளைக்கு இந்த நாற்காலிக்கு யாரு வருவாங்களோ, அவங்களுக்கு."

அத்தை யோசித்தார். "அவரு வரட்டும், பரவால்ல. அதுக்கு முந்தி மோட்டார் வந்துருமா?"

தக்காளி காய்ந்த பிறகு வந்தது. கேழ்வரகுக்குத் தண்ணீர் எட்டிவிட்டது.